பென் டிரைவிலிருந்து பூட் ஆகாத மடிக்கணினி: ஒரு வரலாறு

புதிய இயங்குதளத்தைப் பதிவதற்காகப் பென் டிரைவைச் செருகி மடிக்கணினியை இயக்குகிறோம். அது பென் டிரைவைக் கண்டுகொள்ளாமல் பழைய விண்டோசுக்கே போய்விடுகிறது. அல்லது கருந்திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்ற ஒரே வரியுடன் நின்றுவிடுகிறது. சில வேளைகளில் 'செக்யூர் பூட் வயலேஷன்' என்று சிவப்புக் கட்டத்தில் எச்சரிக்கிறது. இத்தொல்லையில் பெரும்பாலும் பழுது என்று ஒன்றும் இருப்பதில்லை. மடிக்கணினியும் நன்றாக இருக்கும், பென் டிரைவும் நன்றாக இருக்கும். 1981 முதல் 2012 வரை வெவ்வேறு தேவைகளுக்காக ஏற்பட்ட தொடக்க விதிகள் ஒரே இயந்திரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதே காரணம். எந்தக் காலத்து விதி நம்மைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் இதை வரலாறாகச் சொல்ல வேண்டியுள்ளது.

செங்கல்பட்டு மாவட்டத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் துணைநகரமாக உருவாக்கிய ஊர் மறைமலை நகர். அருகிலுள்ள சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பிரியும் சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்கிறது. கார், லாரி, கைப்பேசி என்று பலவும் செய்யும் இத்தொழில் தடத்தில் மடிக்கணினியும் உருவாகிறது. டெல் நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை 2007-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிளெக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையில் எச்பி மடிக்கணினிகள் பொருத்தப்படுகின்றன. 2023 அக்டோபர் முதல் கூகுளின் குரோம்புக் கணினிகளும் அங்கே எச்பியுடன் சேர்ந்து தயாராகின்றன. கணினியைப் பொருத்துவது நம் ஊர்க் கைகள். ஆனால் அது எந்தப் பென் டிரைவை ஏற்கும், எதை மறுக்கும் என்ற விதி இங்கே எழுதப்படவில்லை.

'பூட்' என்னும் சொல்

தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் (1876–1950) பெயர் தாங்கிய ஊரைப் பற்றி எழுதும்போது 'பூட்' என்று எழுதக் கை கூசத்தான் செய்கிறது. 'தொடக்குதல்' என்ற சொல் கலைச்சொல் அகராதிகளில் உண்டு. இருந்தாலும் கடையில் கேட்பதும் திரையில் வருவதும் பூட் என்பதால் இக்கட்டுரையும் அதையே கையாள்கிறது.

காலணியின் பின்புற வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்து இச்சொல் வந்தது. நம் பேச்சில் சொன்னால், தன் தோள்மேல் தானே ஏறுவது. கணினியை அணைத்தால் அதன் முதன்மை நினைவகம் வெறுமையாகிவிடும். மறுபடி இயக்கும்போது வட்டிலிருந்து நிரலை எடுத்துவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை எடுத்துவர யார் இருக்கிறார்கள்? 1975-இல் வந்த ஆல்டேர் 8800 கணினியில் அந்த வேலையை மனிதரே செய்தார். முகப்பிலிருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி, முதல் சில கட்டளைகளை நினைவகத்தில் ஏற்றினார். பிறகு வந்த கணினிகளில் அந்தக் கட்டளைகளை அழியாத சில்லு ஒன்றில் தொழிற்சாலையிலேயே எழுதிவிட்டார்கள். இன்று நாம் மல்லுக்கட்டுவது அந்தச் சில்லில் உள்ள மென்பொருளோடுதான். தமிழில் இதை நிலைபொருள் என்கிறோம்.

இந்தியப் பள்ளிகளுக்கு அரசுத் திட்டத்தில் வந்த முதல் கணினி இதில் சிக்கலே இல்லாதது. 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட அந்தப் பெட்டியில் இயங்குதளமும் பேசிக் மொழியும் சில்லிலேயே இருந்தன. சுவிட்சைப் போட்ட மறுகணம் தயாராகிவிடும். நெகிழ்வட்டிலிருந்து தொடக்க வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு பிரேக் விசையைத் தட்டினால் போதும். மாணவர் நெகிழ்வட்டு போட்டால் ஏற்பதா என்று அது யாரையும் கேட்கவில்லை.

1981-இன் விதி

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியானது. அதன் சில்லில் இருந்த நிலைபொருளுக்குப் பயாஸ் என்று பெயர். அதன் வேலை மிக எளியது. வட்டின் முதல் 512 பைட்டுகளை எடுத்து நினைவகத்தில் வைத்துவிட்டுப் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். பிற்காலத்தில், அந்த 512 பைட்டின் கடைசி இரண்டும் 55, ஏஏ என்ற பதினறும எண்களாக இருந்தால்தான் 'இது பூட் ஆகக்கூடிய வட்டு' என்று ஏற்பது வழக்கமாயிற்று. உள்ளே இருப்பது நல்ல நிரலா, கெட்ட நிரலா, யார் எழுதியது என்ற விசாரணை எதுவும் இல்லை. 1983-இல் வன்தட்டு வந்தபோது, அதே முதல் பகுதியிலேயே வட்டு எத்தனை பிரிவுகளாக உள்ளது என்ற அட்டவணையையும் இடித்துப் பிடித்து வைத்தார்கள். நான்கு முதன்மைப் பிரிவுகள், அதிகபட்சம் 2 டெராபைட் என்ற வரம்பு அப்போது வந்ததுதான்.

ஐபிஎம் இதைத் தன் சொத்தாக வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆனால் 1982-இல் காம்பாக் போன்ற நிறுவனங்கள் அதே போல் நடந்துகொள்ளும் பயாசைத் தாமே எழுதிக்கொண்டன. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அதை எழுதி யாருக்கும் விற்கத் தொடங்கியது. ஊர்தோறும் கணினி பொருத்தும் கடைகள் பெருகியதற்கு இது முக்கியக் காரணம்.

குறுவட்டிலிருந்து பூட் ஆவதற்கு 1995 வரை பொது விதி இல்லை. ஃபீனிக்சும் ஐபிஎம்மும் சேர்ந்து அவ்வாண்டு வெளியிட்ட விதிக்கு எல் டொரிட்டோ என்று பெயர். அது கலிபோர்னியாவில் உள்ள ஓர் உணவகத்தின் பெயர். அதன் உத்தி வேடிக்கையானது. குறுவட்டு தன்னை ஒரு நெகிழ்வட்டாகக் காட்டிக்கொள்ளும், பயாசும் நம்பிவிடும். பிறகு 1996-இல் யூ.எஸ்.பி. வந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதற்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட். 2000-இல் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனத்தாலும் ஐபிஎம் பெயரிலும் பென் டிரைவுகள் விற்பனைக்கு வந்தன. ஐபிஎம் விற்றதன் கொள்ளளவு 8 மெகாபைட். பயாசுக்குப் பென் டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே மறுபடி அதே வேடம். பழைய கணினிகளின் அமைப்புப் பட்டியலில் யூ.எஸ்.பி.-எஃப்டிடி, யூ.எஸ்.பி.-ஜிப், யூ.எஸ்.பி.-எச்டிடி என்று மூன்று வரிகள் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஒரே பென் டிரைவை நெகிழ்வட்டாக நினைப்பதா, ஜிப் வட்டாக நினைப்பதா, வன்தட்டாக நினைப்பதா என்ற கேள்விதான் அது. தவறான வரி தேர்வாகியிருந்தால் பூட் ஆகாது. நான் அறிந்தவரை இத்தொல்லையின் முதல் வடிவம் இதுவே.

தமிழ்நாட்டில்

இயங்குதளத்தைத் தானே பதிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் நம் மாணவர்களிடம் பரவியது லினக்சால். 2004 அக்டோபரில் வெளியான உபுண்டுவின் குறுவட்டுகளை, கேட்பவர்க்கெல்லாம் அஞ்சலில் இலவசமாக அனுப்பும் திட்டம் 2011 வரை நடந்தது. அதே காலத்தில் சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்சுக்கு மாறியது. சி-டாக் சென்னை மையம் 2007 தொடக்கத்தில் பாஸ் லினக்சை வெளியிட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்காக உருவானது அது. அதற்குத் துணைநின்ற கட்டற்ற மென்பொருள் வளமையத்தின் மற்றொரு பாதி, மறைமலை நகருக்கு வரும் இதே ஜி.எஸ்.டி. சாலையில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையத்தில் இயங்கியது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் வழியாக அவை வாங்கப்பட்டன. பல ஆண்டுகளில் வழங்கப்பட்ட எண்ணிக்கை ஐம்பது இலட்சம் அளவில் இருக்கும். இவற்றில் விண்டோசும் பாஸ் லினக்சும் ஆகிய இரண்டும் பதியப்பட்டு வந்தன. இயக்கியதும் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் ஒன்று தோன்றும். ஒரு மாநிலத்தின் பிளஸ் டூ மாணவர்கள் இத்தனை பேர் கையில் 'எந்த இயங்குதளம்?' என்ற கேள்வியோடு ஒரு கணினி போய்ச் சேர்ந்தது சிறிய செய்தியல்ல. அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

வகுப்பில் அந்தப் பட்டியலின் பொருளைச் சொல்லித்தர நேரமும் பாடத்திட்டமும் இடம் தரவில்லை. விண்டோஸ் மெதுவானதும் மாணவர்கள் கடையில் கொடுத்து மறுபடி பதிந்தார்கள். விண்டோஸ் நிறுவல் வட்டின் முதல் பகுதியில் தன் நிரலை எழுதும். அங்கிருந்த லினக்சின் கிரப் நிரல் அப்போது அழிந்துவிடும். பாஸ் லினக்ஸ் வட்டில் அப்படியே இருக்கும், அதற்குப் போகும் வாசல் மட்டும் இருக்காது. இரண்டில் ஒன்று இப்படித்தான் பல வீடுகளில் காணாமல் போயிற்று.

அவற்றில் பல இன்றும் வீடுகளில் உள்ளன. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 11-ஐ அந்தக் கணினிகள் ஏற்கா. அண்ணனுக்குக் கிடைத்த மடிக்கணினியில் தங்கை படிக்கும் வீட்டில், இலகுவான லினக்ஸ் ஒன்றைப் பதிந்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். பதியும் பென் டிரைவை அது ஏற்காவிட்டால் பழைய பொருள் கடைக்குத்தான் போகும்.

2012-இன் விதி

பயாசுக்கு மாற்றாக இன்டெல் தன் இட்டானியம் கணினிகளுக்காக 1990-களின் பிற்பகுதியில் இஎஃப்ஐ என்ற நிலைபொருளை வகுத்தது. 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றம் ஒன்று அதை ஏற்று யூஇஎஃப்ஐ என்று பெயரிட்டது. இதற்கு 512 பைட் கணக்கு இல்லை. வட்டில் ஃபேட்32 முறையில் அமைந்த ஒரு சிறு பிரிவைத் தேடி, அதற்குள் உள்ள கோப்பைப் பெயர் சொல்லி எடுத்து இயக்கும். பென் டிரைவில் 'இஎஃப்ஐ' என்ற கோப்புறை, அதற்குள் 'பூட்' என்ற கோப்புறை, அதற்குள் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற கோப்பு இருக்க வேண்டும். முதல் 512 பைட்டில் எந்தத் தொடக்க நிரல் இருந்தாலும் யூஇஎஃப்ஐ அதை இயக்குவதில்லை. ஆகவே பயாசுக்காக எழுதிய பென் டிரைவ் யூஇஎஃப்ஐக்கு வெறும் வட்டு. யூஇஎஃப்ஐக்காக மட்டும் எழுதியது பயாசுக்கு வெறும் வட்டு. பல ஆண்டுகள் இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருந்தார்கள். பழைய முறையை 'லெகசி' என்றும் 'சிஎஸ்எம்' என்றும் பட்டியலில் காணலாம். அந்தப் பழைய முறையை 2020-க்குள் கைவிடப்போவதாக இன்டெல் 2017-இல் அறிவித்தது. இன்றைய புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது இல்லை.

யூஇஎஃப்ஐயின் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில் செக்யூர் பூட் நிலைபெற்றது. இதன்படி தொடக்க நிரலில் எண்முறைக் கையொப்பம் இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் சாவி நிலைபொருளிலேயே இருக்கும். 2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வெளியானபோது, அதன் முத்திரை பெறும் கணினிகள் செக்யூர் பூட்டை இயக்கிய நிலையில் வரவேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை விதித்தது. நிலைபொருளில் எல்லோரும் வைத்த சாவி மைக்ரோசாஃப்டினுடையது. முப்பது ஆண்டுகளாக எதையும் கேட்காமல் திறந்துவிட்ட வாசலில் முதன்முறையாகக் காவலர் நின்றார். இயங்குதளத்துக்கு முன்பே நுழைந்துகொள்ளும் தீநிரல்கள் உண்மையில் இருந்தன, எனவே காவல் தேவையற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் கணினியை விலைகொடுத்து வாங்கியவரின் அனுமதியைவிட ஒரு நிறுவனத்தின் கையொப்பம் மேலானது என்பது அதனோடு சேர்ந்தே வந்தது. அன்று எழுந்த எதிர்ப்பின் பயனாக, இன்டெல் வகைக் கணினிகளில் உரிமையாளர் அதை அணைத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதும் விண்டோஸ் 8 காலத்து நிபந்தனையில் இடம்பெற்றது.

லினக்ஸ் உலகம் இதற்கு ஒரு வழி கண்டது. மேத்யூ காரெட் எழுதிய 'ஷிம்' என்ற சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெறப்பட்டது. ஷிம் உள்ளே நுழைந்தபின் அடுத்த நிரலைத் தன் சாவியால் சரிபார்க்கும். 2012-13-இல் உபுண்டுவும் ஃபெடோராவும் செக்யூர் பூட்டுடன் இயங்கத் தொடங்கின. சிறிய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றுக்கு இன்றும் இக்கையொப்பம் இல்லை.

தடை எங்கே என்று காண்பது

முதலில் செய்ய வேண்டியது அமைப்புகளை மாற்றுவதன்று, தரவைக் காப்பது. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டை அணைத்ததும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் படமும் பாடமும் போனதுதான். சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டே மேலே போக வேண்டும்.

அடுத்து, பென் டிரைவ் எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே இழுத்துப் போட்டால் அது வெறும் கோப்பாகத்தான் கிடக்கும். 2011 இறுதியில் வந்த ரூஃபஸ், பின்னர் வந்த எட்சர், வென்டாய் போன்ற கருவிகளால் எழுத வேண்டும். ரூஃபஸ் 'எம்பிஆர்', 'ஜிபிடி' என்று கேட்கும் இடத்தில்தான் மேலே சொன்ன இரண்டு காலங்களும் பிரிகின்றன. 2012-க்கு முற்பட்ட விலையில்லா மடிக்கணினிக்குப் பெரும்பாலும் எம்பிஆர், புதியவற்றுக்கு ஜிபிடி. ஃபேட்32 முறையில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு அடங்காது. விண்டோஸ் நிறுவல் கோப்பு ஒன்று அந்த அளவைத் தாண்டிவிட்டதால், கையால் நகலெடுத்த பென் டிரைவுகள் பூட் ஆகி நடுவில் நிற்கின்றன. பதிவிறக்கம் பாதியில் அறுந்த கோப்பும் இப்படியே நிற்கும். இணையப் பக்கத்தில் தரப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

பென் டிரைவ் வேறொரு கணினியில் பூட் ஆகிறது, இதில் ஆகவில்லை என்றால் பூட் பட்டியலைத் திறக்க வேண்டும். டெல்லிலும் லெனோவாவிலும் எஃப்12, எச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9, அசூசில் எஸ்கேப். லெனோவாவின் சில வகைகளில் ஊசியால் அழுத்தும் நோவோ பொத்தான் பக்கவாட்டில் இருக்கும். ஏசரில் எஃப்12 விசையே அமைப்பில் முடக்கப்பட்டிருக்கலாம். செக்யூர் பூட்டை அணைக்கும் வரி அங்கே மங்கலாகத் தெரிந்தால், மேற்பார்வையாளர் கடவுச்சொல் ஒன்றை அமைத்தால்தான் அது திறக்கும். வேலை முடிந்ததும் அக்கடவுச்சொல்லை நீக்கிவிடுவது நல்லது. விசையை எவ்வளவு தட்டியும் பட்டியல் வராவிட்டால், விண்டோஸ் 8 கொண்டுவந்த விரைவுத் தொடக்கம் காரணமாக இருக்கலாம். அதில் 'ஷட் டவுன்' உண்மையில் முழு அணைப்பு ஆகாது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் நேரே தேர்வுத் திரைக்குப் போகலாம்.

பட்டியலில் பென் டிரைவின் பெயர் இருமுறை தோன்றுவதும் உண்டு. 'யூஇஎஃப்ஐ' என்ற முன்னொட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. வட்டில் ஏற்கெனவே உள்ள இயங்குதளம் எந்த முறையில் பதியப்பட்டதோ அதே முறையைத் தேர்ந்தால் பின்னால் குழப்பம் இராது. மலிவான சிறு மடிக்கணினிகள் சிலவற்றில் செயலி 64 பிட்டாகவும் யூஇஎஃப்ஐ மட்டும் 32 பிட்டாகவும் இருக்கும். அவை தேடும் கோப்பின் பெயர் 'பூட்ஐஏ32.இஎஃப்ஐ'. அது இல்லாத பென் டிரைவை அவை எத்தனை முறை செருகினாலும் ஏற்கா.

பூட் ஆனபின் வரும் இரண்டு தடைகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விண்டோஸ் 7 நிறுவலுக்கு யூ.எஸ்.பி. 3 இயக்கி தெரியாது. ஆகவே நீல நிறச் செருகியில் போட்டால் தொடங்கிவிட்டு 'டிரைவர் வேண்டும்' என்று நிற்கும். கறுப்புச் செருகி இருந்தால் அதில் மாற்றிப் போட வேண்டும். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதால் நிறுவல் தொடங்கும், ஆனால் வட்டு எதுவும் இல்லை என்று சொல்லும். வட்டு போய்விட்டதாக எண்ணிப் புது வட்டு வாங்கத் தேவையில்லை. அதற்குரிய இயக்கியைப் பென் டிரைவில் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

விதி இன்னும் மாறுகிறது

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் இற்றைப்படுத்தல், பழைய ஷிம் நிரல்களின் அனுமதியை நீக்கியது. இரண்டு இயங்குதளமும் உள்ள கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டிருந்தும், உலகெங்கும் பல கணினிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. முந்தைய நாள்வரை நன்றாக வேலைசெய்த நிறுவல் பென் டிரைவுகளும் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்றன. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்சிலிருந்து பழைய நிலைக்கு மீட்டவர்கள் தப்பித்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உருவாகும் குரோம்புக் இன்னும் ஒரு படி மேலே. இயல்பு நிலையில் அது பென் டிரைவிலிருந்து வேறு இயங்குதளத்தைத் தொடக்கவே தொடக்காது. உருவாக்குநர் நிலைக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் அதிலுள்ள பயனர் தரவு முழுவதும் அழியும். பள்ளியோ அலுவலகமோ நிர்வகிக்கும் குரோம்புக்கில் அந்த வழியையும் அடைத்துவிட முடியும். மலிவு என்று இரண்டாம் கையாக வாங்குவோர் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செக்யூர் பூட்டுக்காக 2011-இல் உருவான மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன. முன்பே கையொப்பம் பெற்ற நிரல்கள் பெரும்பாலான கணினிகளில் அதன்பின்னும் இயங்கும், ஏனெனில் நிலைபொருள் தேதியைப் பார்ப்பதில்லை. இனி வரும் ஷிம்கள் 2023-ஆம் ஆண்டுச் சாவியால் கையொப்பம் பெறும். அச்சாவி நிலைபொருளில் சேராத பழைய மடிக்கணினியில், புதிதாக எழுதிய பென் டிரைவ் மறுக்கப்படலாம். தயாரிப்பாளரின் நிலைபொருள் இற்றைப்படுத்தல் கிடைத்தால் அதைச் செய்துகொள்ளலாம். கிடைக்காத மாதிரிகளில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுப் பதிய வேண்டும். 2011, 2012-இல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் செக்யூர் பூட்டே இல்லாததால், இந்த மாற்றம் அவற்றைத் தொடாது.